ஓநாய்ப்பல் வகையறா

பாலைப் பால் என்று அவர் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொண்டதில்லை. கறந்த சூட்டோடு செம்பை நீட்டினாலும் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் விடுவார். நகத்தைச் சாய்த்து, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். பால்காரி, "இன்னாய்யா இது, ஒங்க கண்ணு முன்னாலதான கறந்தேன்?" என்று கேட்டால், "கறந்ததப் பாத்தேன். அதுக்கு முன்னாடி செம்புல இன்னா இருந்துச்சின்னு பாக்கலியே" என்பார். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

ஊரில் அவரைச் சைகோன்காரர் என்பார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் சொல்லப்போவதில்லை. அவர் எனக்காகச் செய்த ஒரு காரியத்துக்கு அந்தப் பெயர் இன்னும் எங்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கலாம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற எங்கள் ஊரிலிருந்து வாலிபத்தில் கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர் அவர். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரின் ஆய்வுக்கூடத்தில், பிடித்துவரும் பாம்புகளைக் கழுவி, வகை பார்த்துக் கண்ணாடி ஜாடியில் போடுகிற வேலை. பென்ஷனோடு திரும்பி வந்தபோது தலை நரைத்திருந்தது. மனைவி செத்துப்போயிருந்தாள். ஒரே மகன் அங்கேயே ஒரு கடையில் சேர்ந்துவிட்டான். ஊருக்கு வந்தும் அவருக்குப் பழைய பழக்கம் போகவில்லை. வீட்டின் உள்கூடம் முழுக்க மரப்பலகை அடித்து ஜாடிகளை அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் சாராயம், அதற்குள் சுருண்டு கிடக்கும் பாம்பு.

தனியாக இருக்கும் ஆண், வீடு நிறையச் சாராயம், அதில் பாம்பு. ஊர் சும்மா இருக்குமா? எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் சீமைக்குச் சாராயம் கடத்துகிறார் என்றார்கள். பாம்பெல்லாம் போலீசுக்குக் கண்கட்டு. சூனியம் வைக்கிறார் என்றும் சொன்னார்கள். விஷம் வடித்து விற்கிறார் என்ற பேச்சும் உண்டு. அவர் தெருவில் வந்தால் பெண்கள் இடுப்புப் பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் பாம்பு நுழைந்துவிட்டால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஊரார் அவரைச் சந்தேகப்பட்டது கொஞ்சம்தான். அவர் ஊரைச் சந்தேகப்பட்டது அதைவிட மிக அதிகம். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "நீ பாத்தியா, கேட்டியா?" ஏரி உடையப்போகிறதாம் என்றால், "நீ பாத்தியா, கேட்டியா?" மேலத்தெருப் பெண்ணுக்குச் சாமி வந்து மழை சொல்லியிருக்கிறது என்றாலும் அதே கேள்விதான். "கேட்டேன்" என்று சொன்னவனோடு அதற்குமேல் பேச மாட்டார். "பாத்தேன்" என்று சொன்னவனை விட மாட்டார். எங்கே நின்று பார்த்தாய், எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம் என்று துளைப்பார். கடைசியில், நிஜமாகவே பார்த்தோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்து வீட்டுக்குப் போவான்.

நான் பண்டசோழநல்லூரிலிருந்து கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவள். அவர் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. மண் சுவர், கரும்புத்தோகைக் கூரை. வந்த புதிதில் ஒரு நாள் அடுப்பங்கரையில் விறகு எடுக்கப் போனேன். கட்டைக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு பாம்பு. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார். "கட்டுவிரியன்டி, வெளிய போ!" என்று கத்தினார். எதிர்வீட்டிலிருந்து சைகோன்காரர் வந்து, "யார் சொன்னா கட்டுவிரியன்னு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து வெறுங்கையால் அதைப் பிடித்தார். அது அவர் விரலைக் கவ்வியது. இரத்தம் சொட்டியது. அவர் அதை உதறவில்லை. நிதானமாக அதன் வாயைப் பிளந்து எங்களிடம் காட்டினார்.

"முன்னாடி நீட்டமா ரெண்டு பல்லு தெரிதா? விஷப்பல்லு இல்ல. இறுக்கிப் பிடிக்கிறதுக்கு. அரணை, பல்லி எல்லாம் வழவழன்னு இருக்குமே, வழுக்காம கவ்வணும். அதுக்குத்தான் தொரைங்க இந்த வகையறாவுக்கு லிக்கோதோன்னு பேரு வெச்சாங்க. ஓநாய்ப்பல்லுன்னு அர்த்தம்."

"ஓநாயின்னா நரியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நரி வேற, ஓநாய் வேற. இந்தக் கூத்துலதான் எல்லாம் கெட்டுப்போவுது."

அன்றைக்கு அவர் உற்சாகமாக இருந்தார். பாம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். ஓநாய்ப்பல் என்பது ஒரு பாம்பு இல்லை, ஒரு வகையறா. அதில் பல பங்காளிகள். ஒருவன் உடம்பில் பட்டை, ஒருவன் உடம்பில் மஞ்சள் பொட்டு, ஒருவனுக்குப் பட்டையே இருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் அந்தப் பல் இருக்கும். இந்த வகையறாவுக்கும் மேலே ஒரு பெரிய குடும்பம் உண்டு. "அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்தரம். எங்கயும் சேராததயெல்லாம் கொண்டாந்து அதுல கொட்டி வெச்சிருக்காங்க. பழைய புஸ்தகத்துல நல்லபாம்பு, கட்டுவிரியன்கூட இதே குடும்பந்தான். பின்னால வந்தவன் பிரிச்சான். எவன் சொல்றது நெசம்? அதனாலதான் நானு புஸ்தகத்த நம்பறதில்ல. பல்லப் பாப்பேன், செதிலப் பாப்பேன்."

"பங்காளிங்கன்னா சண்டையும் இருக்குமே?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் கரும்புக் கொல்லைத் தண்ணீர் விஷயத்தில் அப்போதே பேச்சு கிடையாது.

சைகோன்காரர் சிரிக்கவில்லை. "இதுக்குப் பட்ட கழுத்துலயே ஆரம்பிக்குது பாரு. வாலுக்குப் போகப் போக மங்கிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. கழுத்துப் பக்கம் வெறுமையா இருக்கும், வாலுப் பக்கந்தான் பட்ட நல்லாத் தெரியும். இது கடிச்சா ஒண்ணும் ஆவாது. அது கடிச்சா கடிச்ச எடமே தெரியாது. காத்தால வயித்த வலிக்கிதுன்னு எழுந்திருப்பான். கண்ணு எம தொங்கும், நாக்கு கொழறும், எச்சியக்கூட முழுங்க முடியாது. அவ்வளவுதான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டேன் என்பது பின்னால் எனக்கே வினையாக வந்தது.

எங்கள் ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற ஒருவர் இருந்தார். வேப்பிலை அடித்து, பச்சிலை கொடுத்து, விஷத்தை இறக்கிவிடுவார் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேர். பிழைத்தவர்கள் கடித்த பாம்பைக் காட்டினால், சைகோன்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓநாய்ப்பல்லு. மந்திரிக்காட்டியும் பொழைச்சிருப்பான்" என்பார். யாரிடமும் இரகசியமாகச் சொல்ல மாட்டார். சந்தைக்குப் போகிற வழியில் நின்று சொல்வார். மந்திரிப்பவர் ஒரு தடவை அவரை மறித்து, "நானு ஒனக்கு இன்னாய்யா செஞ்சேன்? எம் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடற?" என்று கேட்டார். "நான் ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே. பாம்பப் பத்தித்தான சொன்னேன்" என்றார் இவர். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். பாம்பின் பெயரைச் சொன்னால் அது பாம்போடு நின்றுவிடும் என்று நினைக்கிற மனிதர்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கரும்பு வெட்டு முடிந்த சமயம். என் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். நான் முன்கூட்டியே போக வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர், "வேல கெடக்குது, மொத நாளு போனாப் போதும்" என்றார். வாக்குவாதம் முற்றித் தெருவரைக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு வைத்து அவருக்குச் சோறு போட்டேன். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. அவர் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

விடியும்போது வயிறு வலிக்கிறது என்றார். சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. கண்ணைத் திறக்கச் சொன்னேன். இமை எழவில்லை. "இன்னா பண்ணுது?" என்று கேட்டேன். ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. மந்திரிப்பவரைக் கூட்டிவந்தார்கள். சைகோன்காரர் அன்று புதுச்சேரிக்குப் போயிருந்தார். உச்சிப்பொழுதுக்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

பாயை எடுத்து உதறும்போது நெல் குதிர் ஓரத்தில் ஒரு பட்டைப் பாம்பு ஓடியது. என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், உலக்கையால் அதன் தலையில் போட்டார். "கட்டுவிரியன்" என்றார் மந்திரிப்பவர். எல்லோரும் அதையே சொன்னார்கள். பாம்பைக் கள்ளி வேலியில் தூக்கிப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் எரிந்து முடிந்தது.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கப் போன ஆண்கள் திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சைகோன்காரர் வந்தார். யாரிடமும் துக்கம் விசாரிக்கவில்லை. நேராக வேலிக்குப் போனார். குச்சியால் பாம்பை எடுத்தார். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். உள்ளே சுவரில் சாய்ந்து கிடந்த எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"யார் சொன்னா இது கட்டுவிரியன்னு? கழுத்துலயே பட்ட இருக்குது பாருங்க. இது ஓநாய்ப்பல்லு. இதால ஆளு சாவ முடியாது."

பிறகு மந்திரிப்பவர் கேட்டார். அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"அப்போ எதால செத்தான்?"

"அது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பாம்பைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை ஊர் சொன்னது. முதல் நாள் சண்டை போட்டாளே. அவள் சமைத்த குழம்பை அவள் ஏன் சாப்பிடவில்லை? கொல்லையில் அரளிச் செடி எதற்கு? என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, வந்து குழம்புச் சட்டியை வெளியே எடுத்துப் போட்டு உடைத்தாள். பிறகு உடைத்தது தப்பு, சாட்சி போச்சு என்று மூத்தார் அவளை அடித்தார். யாரும் எனக்குச் சோறு தரவில்லை. நான் தொட்ட தண்ணீரை மாட்டுக்குக்கூட வைக்கவில்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தட்டுமுட்டு அறையில் என்னை இருக்கச் சொன்னார்கள். என் அப்பா வந்தார். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "எங்கிட்ட மட்டும் சொல்லும்மா" என்றார். நான் கையை உருவிக்கொண்டேன்.

மூத்தார் பாகூருக்குப் போய்ப் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்ட அன்று மத்தியானம், சைகோன்காரர் அந்த அறையின் வாசலில் வந்து நின்றார். எனக்கு அவரைப் பார்த்ததும் உடம்பு எரிந்தது.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் இன்னா பாக்கி இருக்குது சொல்றதுக்கு?"

"காத்தால எழுந்ததும் மொதல்ல இன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"வயித்து வலின்னாரு."

"கண்ணு எம?"

"தொங்கிடுச்சி. தெறக்க முடியல."

"பேச்சு?"

"கொழறிச்சி. சுக்குத் தண்ணி உள்ள எறங்கல."

நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததுபோல இருந்தது. "ஓநாய்ப்பல்லு அங்க ஓடுச்சிங்கறதுக்காக வேற பாம்பு இல்லன்னு ஆவாது. கட்டுவிரியன் கடிச்சா இப்டித்தான் ஆவும்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் அந்த வெளிச்சம் அணைந்தது.

"ஆனா இதெல்லாம் நான் ஒங்க வூட்டுல வெச்சி ஒங்கிட்ட சொன்னதுதான். சொன்னத அப்டியே திருப்பிச் சொல்ற."

"ஐயா, நடந்தத சொல்றேன்!"

"இருக்கலாம். நடக்காததயும் இப்டியே சொல்லலாம்."

மந்திரிப்பவரையும் மூத்தாரையும் அவர் கேட்டிருக்கிறார். இருவரும் இமையைக் கவனிக்கவில்லை என்றார்களாம். வயிற்று வலியை மட்டும் நினைவு வைத்திருந்தார்கள். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒரு ஜாடியைப் பார்ப்பதுபோல. பிறகு போய்விட்டார். அவர் போன பிறகுதான் முதன்முறையாக எனக்குப் பயம் வந்தது. அதுவரை உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் போதும் என்று இருந்தேன்.

கொமிசேர் வந்தார். போலீஸ் அதிகாரியை அப்படித்தான் சொல்வோம். தமிழர்தான், ஆனால் பிரெஞ்சுத் தொப்பி, பிரெஞ்சுக் கால்சட்டை. இரண்டு சிப்பாய்கள் கூட வந்தார்கள். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னை ஒரு பக்கம் நிற்கவைத்தார்கள். ஊரே நின்றது. மூத்தார் எல்லாவற்றையும் சொன்னார். நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டார் கொமிசேர். பிணம் எரிந்துவிட்டது, சட்டி உடைந்துவிட்டது. பாம்பு ஒன்றுதான் மிச்சம். அதைக் கொண்டுவரச் சொல்லிச் சிப்பாயை அனுப்பினார்.

சைகோன்காரர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஜாடியோடு வந்தார்.

"முசே, இது விஷமில்லாத பாம்புன்னு நீங்க சொன்னதா இந்த ஆளு சொல்றாரு" என்றார் கொமிசேர். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"சொன்னேன்."

"இன்னிக்கி?"

"அன்னிக்கித் தப்பாப் பாத்துட்டேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் தன்னைப் பற்றி வந்ததை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மூத்தார் முன்னால் வந்தார்.

"எப்டிங்க தப்பாவும்? கழுத்துல பட்ட இருக்குது பாருன்னு எங்க எல்லாருக்கும் காட்டுனீங்களே!"

அவர் மூத்தாரைப் பார்க்கவில்லை. ஜாடியிலிருந்து பாம்பை எடுத்து ஒரு வாழையிலை மேல் நீட்டி வைத்தார். தலை நசுங்கியிருந்தது. "நடு முதுகப் பாருங்க, முசே. பக்கத்துச் செதிலவிட இந்தச் செதிலு பெரிசு. ஆறு மூல இருக்கும். வாலுக்கு அடியில செதிலு ஒத்தையா ஓடுது, பிரியல. ஓநாய்ப்பல் வகையறாவுக்கு இப்டி இருக்காது. இது கட்டுவிரியன். யார வேணாக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"வூட்டுல அடிச்ச பாம்பு இதுதானா?"

"இதுதான்."

நான் நின்ற இடத்திலிருந்து இலை நன்றாகத் தெரிந்தது. அந்தப் பாம்பின் கழுத்தில் பட்டை இல்லை. வாலுப் பக்கம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஓடியதைவிட நீளம். சாராயத்தில் பல காலம் ஊறிச் சோகை பிடித்ததுபோல வெளுத்திருந்தது. தலையை யாரோ நேற்றோ இன்றோ நசுக்கியிருந்தார்கள். அவர் தன் பலகையிலிருந்து ஒரு கட்டுவிரியனை எடுத்து வந்திருந்தார். செதிலைப் பற்றி, வாலைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். 'இதுதான்' என்ற ஒரு சொல்தான் பொய்.

கொமிசேர் மந்திரிப்பவரைப் பார்த்தார். "நீங்க அன்னிக்கி இன்னா சொன்னீங்க?"

மந்திரிப்பவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நானு அன்னிக்கே கட்டுவிரியன்னு சொன்னேங்க. இவருதான் தெரியாம ஒளறினாரு. ஊரக் கேளுங்க."

ஊரும் தலையாட்டியது. அது மந்திரிப்பவருக்குக் கிடைத்த வெற்றி. அதை விட்டுக்கொடுத்து என்னைப் பிடித்துக்கொடுக்க அவர் தயாராக இல்லை. கொமிசேர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். மூத்தாரைப் பார்த்து, "பங்காளிச் சண்டையத் தீத்துக்க சர்க்கார கூப்பிடாத" என்று பிரெஞ்சும் தமிழுமாகத் திட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் சைகோன்காரரைப் பார்த்து ஊர் ஒரு வருஷத்துக்குச் சிரித்தது. கயிறு கிடந்தால், "ஐயா, இது கட்டுவிரியனா, ஓநாய்ப்பல்லா, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பாம்பு நுழைந்தால் அவரைக் கூப்பிடுவது நின்றது. புதுச்சேரியில் ஒரு பாதிரியார் தம் மாணவர்களுக்குக் காட்ட அவரிடம் ஜாடிகள் வாங்குவார். மாதத்தில் ஒரு நாள் இவர் போய் அவரோடு உட்கார்ந்து எந்தப் பாம்பு எந்த வகையறா என்று பிரெஞ்சில் வாதாடிவிட்டு வருவார். அவருடைய வாழ்க்கையில் அது ஒன்றுதான் சந்தோஷம். கொமிசேர் வாய்வழியே கதை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. ஓநாய்ப்பல்லுக்கும் கட்டுவிரியனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் பாதிரியார் என்ன வாங்குவார்? அழைப்பு நின்றுபோனது. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து வீடு எனக்குத் திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக எதிர்வீட்டுக்குப் போனேன். காலில் விழ நினைத்தேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"எனக்காகப் பொய் சொன்னீங்க."

"ஒனக்காகன்னு யார் சொன்னா?"

"பின்ன?"

அவர் ஜாடி துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் ஒரு பாம்போட பேரச் சொன்னேன். அவங்க அத எடுத்து ஒன் தலமேல வெச்சிட்டாங்க. நான் சொன்னத நான்தான் எடுக்கணும். எடுத்தேன்."

"அப்போ நான் செய்யலன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியாது" என்றார். "நீ செஞ்சிருக்கலாம். ஒன்ன நான் நம்பல, பொண்ணு. நம்பறன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்யி."

செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஊரில் பாதிப் பேர் அதற்குள் என்னை நம்பத் தொடங்கியிருந்தார்கள். கொமிசேர் சொன்னார், அதனால் நம்பினார்கள். எனக்கு அவர்கள் நம்பிக்கை எதற்கு? இந்த ஒரு ஆள் நம்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. தூக்கத்தில்கூட அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் என் வீட்டுப் பக்கம் பார்க்கும்போதெல்லாம், அடுப்பைப் பார்க்கிறாரா, அரளியைப் பார்க்கிறாரா என்று கணக்குப் பார்த்தேன். அரளியை வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டினால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. ஏரி நிரம்பி வாய்க்கால்கள் ஊருக்குள் வந்தன. எங்கள் வீட்டின் மேற்குச் சுவர், என் வீட்டுக்காரர் தலை வைத்துப் படுக்கிற பக்கத்துச் சுவர், ஒரு காலையில் பொதபொதவென்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே எலி வளைகள். ஈர மண்ணுக்குள் ஒரு பாம்பு நசுங்கிக் கிடந்தது. கழுத்தில் பட்டை இல்லை. நான் விரலால் மண்ணைத் துடைத்து நடு முதுகுச் செதிலைப் பார்த்தேன். பெரிய செதில். ஆறு மூலை. அந்த மழையில் அதை முறத்தில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன். அழுதேனா சிரித்தேனா என்று நினைவில்லை.

அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"கட்டுவிரியன்தான். சந்தேகமில்ல" என்றார்.

அவர் 'சந்தேகமில்ல' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காத்திருந்தேன்.

"எங்க இருந்துச்சி?"

"அவரு படுக்கற எடத்துக்கு நேரா, செவுத்துக்குள்ள."

"ம்." பாம்பை முறத்திலேயே வைத்தார். "இந்த மழைக்கு வந்து நொழைஞ்சிருக்கும்."

"இல்லய்யா. அப்பவே இருந்துச்சி."

"நீ பாத்தியா?"

முறத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அவரோடு பேசவில்லை. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது எவ்வளவு வேலை என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் காய்ச்சல் கண்டு கிடந்தபோது கஞ்சி கொடுத்து அனுப்பலாமா என்று நினைத்தேன். அவர் அதைக் குடிக்க மாட்டார் என்று தெரியும். குடிக்காமல் வைத்துவிட்டார் என்று யாராவது வந்து சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அனுப்பவில்லை.

கடைசியில் சைகோனிலிருந்து மகன் கூப்பிட்டான். பேரப்பிள்ளை பிறந்திருந்தது. வீட்டை விற்றார். ஜாடிகளை வாங்க ஆளில்லை. சாராயத்தைக் கொல்லையில் கொட்டி, பாம்புகளையெல்லாம் ஒரு பள்ளம் வெட்டிப் புதைத்தார். ஓநாய்ப்பல் வகையறாவைத் தனியாக, மற்றவற்றைத் தனியாகப் புதைத்தார் என்று வேலைக்குப் போன ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான்.

புறப்படுகிற அன்று காலை மாட்டுவண்டி வாசலில் நின்றது. சாயங்காலம் புதுச்சேரியில் கப்பல். ஊரில் யாரும் வழியனுப்ப வரவில்லை. மந்திரிப்பவர் மட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவைத் தாண்டி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஏறி உட்கார்ந்திருந்தார். ரொம்பக் கிழவராகிவிட்டிருந்தார்.

"ஐயா, இனிமே நாம பாக்கப்போறதில்ல. இன்னிக்காவது சொல்லுங்க. நானு அவருக்கு வெஷம் வெச்சேன்னு நெனைக்கிறீங்களா?"

வண்டிக்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவர் திடுக்கிடவில்லை. கேள்வியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை; வெறுப்பும் இல்லை. நிஜமாகவே யோசித்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்துப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது: குழம்பு, சண்டை, இமை, சுவர், மழை. மாடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொல்லிவிட்டுப் போங்களேன் என்று என் மனசு கெஞ்சியது. ஒரு தடவை சொன்னவர்தானே.

"தெரியலம்மா" என்றார்.

அதுவரை என்னை அவர் 'அம்மா' என்று சொன்னதில்லை. வண்டி போய்விட்டது. பிறகு உலகச் சண்டை வந்தது, கப்பல்கள் நின்றன, அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

என் அப்பா கடைசிவரை என்னை நம்புவதாகச் சொன்னார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. மூத்தார் சாகும்வரை நான்தான் கொன்றேன் என்றார். நான் செய்தேனா இல்லையா என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமலே ஒரு உயிரைக் காப்பாற்றி, அதற்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு, கடைசிவரை தெரியாது என்றே சொல்லிவிட்டுப் போன மனிதர் அவர் ஒருவர்தான். அவர் எனக்குக் கொடுத்தது பெரிது. எத்தனையோ வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி மனசைத் தேற்றிப் பார்க்கிறேன்.

அன்றைக்கும் அது எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.